நிலத்தடி நீர் ஆய்வு படித்தால் சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா?

ஈசூன் அம்மா:
மகள் தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டு. நிலத்தடி நீர் மாசு, கதிரியக்கக் கழிவு பற்றி ஆய்வு செய்யப்போகிறாளாம். நாம் குடிப்பது ஜொகூர் தண்ணீர், மழைத் தண்ணீர், நியூவாட்டர் என்ற சுத்திகரித்த கழிவுநீர், சுத்திகரித்த கடல்நீர். கிணறே தோண்டாத ஊரில் இதற்கு யார் சம்பளம் தருவார்கள்? கதிரியக்கம் என்றாலே அவள் அப்பா முகம் சுளிக்கிறார்.

பழைய குழாய்:
தங்கச்சி, எனக்கு முடி நரைத்ததே இந்தத் துறையில்தான். லோரோங் ஹாலுஸில் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். 1999 வரை குப்பை கொட்டிய நிலம் அது. பக்கத்திலேயே சிராங்கூன் நீர்த்தேக்கம். குப்பைக்குள் இறங்கிய மழைநீர் அங்கே போய்ச் சேராமல் பிடித்து, நாணல் குட்டைகளில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் கடல் களிமண் சுருங்கும், மேலே தரை தாழும். அதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

ஆனால் முதல் சில வருடம் வெயில்தான். நிலத்துக்குள் இறக்கிய கண்காணிப்புக் குழாயில் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை, பிஎச் (அமில, காரத் தன்மை), மின்கடத்துதிறன் மூன்றும் அசையாமல் நின்றால்தான் மாதிரி பிடிக்கப் பாட்டிலையே எடுக்கலாம். துவாஸில் மத்தியானம் அப்படி நின்று பார்த்தால் தெரியும்!

அப்புறம் கதிரியக்கம். நாங்கள் பெரும்பாலும் தொடுவது பாறையையும் தண்ணீரையும்தான், கழிவை அல்ல. ஃபின்லாந்தின் ஒன்கலோ அணுக்கழிவுக் கிடங்கில் 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள், கழிவை அடைக்கும் செம்புக் கலன். சுற்றிலும் பெண்டோனைட் களிமண். என்றைக்காவது தண்ணீர் கலனுக்குள் புகுந்தால் எதை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதுதான் எங்கள் கேள்வி. கழிவில் இருக்கும் சீசியம்-137 களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், 30 ஆண்டில் பாதியாகும். அயோடின்-129 அநேகமாக எதிலும் ஒட்டாது, பாதியாக 15 மில்லியன் ஆண்டுக்கு மேல். எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் இதனால்தான். ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் சுமார் 126,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். பிறகு உப்புநீர் உள்ளே வர ஆரம்பித்தது. இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் திட்டம். இறக்கும்முன் தண்ணீர்க்காரன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கோப்பி ஓ:
எங்க பாட்டி ஊர் பாலாற்றங்கரை. தோல் பதனிடும் பட்டறைகள் வந்தபிறகு கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதுவும் இந்தப் படிப்புதானா அண்ணே?

பழைய குழாய்:
அதேதான் தம்பி. உப்பு தண்ணீரோடு போய்க்கொண்டே இருக்கும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தில் இரண்டு வகை: மூன்று இணைதிறன் உள்ளது பெரும்பாலும் மண்ணிலேயே தங்கும், ஆறு உள்ளது நகரும், நஞ்சும் அதிகம். எந்த வகை என்று பார்க்காமல் மொத்த அளவை மட்டும் எழுதும் அறிக்கையை நான் மதிப்பதில்லை.

ஈசூன் அம்மா:
நன்றி அண்ணே. அவள் அப்பாவுக்கும் காட்டினேன், பீப்பாய்க் கதையை இரண்டு முறை படித்தார். பட்டத்துக்கு எதை எடுக்கச் சொல்ல?

பழைய குழாய்:
சுற்றுச்சூழல் பொறியியல், இல்லையென்றால் புவி அறிவியல். எதுவானாலும் கணிதத்தை விடவேண்டாம். கதிரியக்கக் கழிவு ஆய்வுக்கு மேற்படிப்பில் வெளிநாடு போக வேண்டியிருக்கலாம். அதற்குமுன், லீவில் மண் ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒரு மாதம் வேலை பார்க்கட்டும். தொப்பி மறக்க வேண்டாம்.