திருப்பி அடிக்காத கை: பட்டாளத்துக்காரங்க குழுவில் என் அனுபவம்

மன்னார்குடிக்காரன்:
பட்டாளத்துல சேர்ந்த புதுசுல ஒரு சீனியர் என்கிட்ட பலாத்காரமா நடந்துக்கிட்டார். அதுக்கு மேல அதைப் பத்தி இங்க எழுதல. வீட்டுக்காரிக்கே ரொம்ப வருஷம் தெரியாது. தஞ்சாவூர்ல மனநல ஆலோசகர் ஒருத்தர் நடத்துற குழுவைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். வர்றவங்க எல்லாருமே ஆம்பளைங்க, இதே அடி வாங்கின முன்னாள் ராணுவத்தாருங்க.

நடந்ததைச் சொல்லச் சொல்வாங்களோன்னு பயந்துக்கிட்டே போனேன். கேட்கவே இல்லை. தூக்கம், கோவம், குடி இதுதான் ஆரம்பத்துல பேச்சு. ஒருத்தர் விவரமாச் சொன்னா இன்னொருத்தருக்குப் பழசு கிளறிடும்கிறதால, அதைத் தன்கிட்ட தனியா பேசிக்கலாம்னுட்டார். நாற்காலியெல்லாம் சுவரோரமாப் போட்டிருந்தார். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார எங்களுக்கு முடியாதுன்னு நாங்க சொல்லாமலே தெரிஞ்சு வச்சிருந்தார்.

ஒருநாள் என்னைவிட மூத்தவர் ஒருத்தர் (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்) துண்டை முறுக்கிக்கிட்டே, "கையில அவ்வளவு பலம் இருந்துச்சு. ஏன் தம்பி நான் திருப்பி அடிக்கல?"ன்னார். ராத்திரியெல்லாம் என்னை நானே கேட்ட கேள்வி. பயம் உச்சத்துக்குப் போனா சில சமயம் உடம்பு ஓடாது, எதிர்க்காது, உறைஞ்சு போயிடும். மூளை தானா செய்யற காரியம், நம்ம முடிவுல வர்றதில்லைன்னு ஆலோசகர் விளக்கினார். அந்த நேரத்துல உடம்புல கிளர்ச்சி வந்திருந்தாலும் அது சம்மதம் ஆகாதுன்னும் சொன்னார். இதைக் கேட்டதும் ரெண்டு பேர் உடைஞ்சு அழுதாங்க. எனக்கு டாக்டர் முன்னாடியே சொன்ன விஷயம்தான். ஆனா அந்தக் கேள்வி இன்னொரு பட்டாளத்துக்காரர் வாயில இருந்து வந்தப்பதான் பதில் எனக்குள்ள இறங்குச்சு.

கும்பகோணம் தங்கச்சி:
அண்ணா, படிச்சு மனசு பதறிடுச்சு. என் சித்தப்பா மகன் அமெரிக்க ராணுவத்துல இருந்தவன். அங்க முன்னாள் வீரர் ஆஸ்பத்திரிகள்ல எல்லார்கிட்டயும், ராணுவத்துல இருந்தப்போ பாலியல் வன்முறையோ தொல்லையோ நடந்துச்சான்னு கேட்கிறாங்க. பெண்கள்ல மூணுல ஒருத்தர், ஆண்கள்ல 50-ல ஒருத்தர் ஆமாங்கிறாங்க. புகார் கொடுத்திருக்கணும்னு இல்லை, சிகிச்சைக்குக் காசும் வாங்கறதில்லை. அங்கயும் 1992-ல பெண்களுக்கு மட்டும் இந்த ஆலோசனை கொடுக்க வந்த சட்டம் 1994-லதான் ஆண்களுக்கும் ஆச்சு. இங்க 2024 ஜூலை 1-ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல (புது தண்டனைச் சட்டம்), ஆண்கள் மேல நடந்த பலாத்காரத்துக்கும் வழக்குப் போட உதவின பழைய 377-வது பிரிவும் போயிடுச்சு. வயசு வந்த ஆணுக்கு இது நடந்தா பலாத்காரம்னு வழக்குப் போட அதுல பிரிவே கிடையாது. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

பாபநாசம் தம்பி:
அண்ணே, எங்கப்பாவும் மிலிட்டரி. எதையோ உள்ளுக்குள்ள வச்சிருக்கார். அறுப்பு நேரம் வேற, கூப்பிட்டா வருவாரான்னு தெரியல.

மன்னார்குடிக்காரன்:
தம்பி, அறுப்பு சமயத்துல குழுக் கூட்டத்தை ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்திக்குவோம். நாங்களும் வயக்காட்டுக்காரங்கதானே. இதுதான் நடந்திருக்கும்னு நீங்களா முடிவு பண்ணிக் கேட்காதீங்க. டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி போன் 14416, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். 2023 டிசம்பர்ல இருந்து புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில படைக்காரங்களுக்குன்னே அதோட ஒரு பிரிவும் இருக்கு. அந்த 14416 நம்பரை அப்பா போன்ல போட்டுக் கொடுங்க. அவரா பேசட்டும்.