வழி பார்ப்பவர் காவல் பார்க்க முடியாது: பயணத்தில் மாட்டிக்கொண்ட கதைகள்

எங்கள் டேபிளில் நான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர்; எதிரில் ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் நான்கு பிளேயர்கள். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, டைஸ் உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு; ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். முதல் ஒரு வருடம் பயணம் என்றால் எங்களுக்கு ஒரே வரிதான். "நாலு நாள் நடந்தீங்க, ஊர் வந்துடுச்சு." நடுவில் ஓநாய்க் கூட்டம் வரும், அடிப்போம், போவோம். அந்த ஓநாய்களில் ஒன்றுகூட இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் குறை ஓநாயிடம் இல்லை. வழி பார்ப்பது யார் என்று கேட்டால் ரேஞ்சர், அதாவது காட்டு வழி அறிந்த கேரக்டர். உணவு தேடுவது யார்? ரேஞ்சர். காவல்? எல்லோரும். எல்லோரும் காவல் என்றால் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவர் டைஸ் உருட்டுவார், மற்ற மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பயணம் பற்றிய பகுதியில் ஒரு சின்ன விதி உண்டு. நடந்துகொண்டே வழி பார்ப்பவர், வரைபடம் வரைபவர், தடம் பிடிப்பவர், உணவு தேடுபவர் ஆகியோரின் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே எவ்வளவு கவனிப்பார் என்ற எண்), ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கும் கணக்கில் சேராது. நான் பலமுறை படித்தும் கண்டுகொள்ளாமல் விட்ட விதி. அதை அப்படியே கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன். நான்கு அட்டைகளில் வழி, காவல், உணவு, வரைபடம் என்று எழுதி மேசை நடுவில் வைத்தேன். ஒருவருக்கு ஓர் அட்டைதான். பகல் பொழுதுக்குள் மாற்ற முடியாது.

முதல் இரண்டு நாள் காடு. எங்கள் ரேஞ்சருக்குப் பழகிய நிலம் காடு என்பதால் அவர் வழியும் பார்க்கலாம், விழிப்பாகவும் இருக்கலாம். ரேஞ்சர் என்ற கேரக்டர் வகைக்கே உள்ள சலுகை அது. குழு வழி தவறவும் தவறாது. மூன்றாம் நாள் மரங்கள் முடிந்து வெறும் பாறையும் பனியும் தொடங்கியது. ரேஞ்சர் ஆடுபவர் தன் கேரக்டர் ஷீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இனிமே என்னால ரெண்டும் முடியாது. காவலை யாராவது எடுத்துக்கோங்க" என்றார். ஒரு வருடத்தில் முதல்முறையாக மற்றவர்கள் அட்டைக்குக் கை நீட்டினார்கள். கிளெரிக் (பூசாரி) காவல் எடுத்தார். ஹாஃப்லிங் ரோக், அதாவது சிறிய உருவ இனத்துத் திருடர், உணவு. ட்வார்ஃப் ஃபைட்டர், அதாவது குள்ளர் இனத்துப் போர்வீரர், வரைபடம்.

சிக்கல் அன்று மதியமே வந்தது. கையில் மூன்று நாள் உணவு, கணவாயைக் கடக்க வேண்டிய தூரம் 90 மைல். சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், வேக நடையில் 30. வேகமாகப் போனால் சரியாக மூன்று நாள். ஆனால் வேக நடையில் உணவு தேட முடியாது, காவல் பார்ப்பவரின் பாஸிவ் பெர்செப்ஷனிலும் 5 குறையும். கிளெரிக்குக்கு 15 இருந்தது, 10 ஆகிவிடும். கால் மணி நேரம் இதைப் பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் வேகமாகவே போவது என்று முடிவெடுத்தார்கள்.

மறுநாள் உறைந்த ஏரி. சுற்றிப் போனால் ஒரு நாள் வீண். குறுக்கே போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுப்பகுதியில் பனிக்கட்டி மெல்லியது, நிறம் கொஞ்சம் கறுத்திருக்கும். அதைக் கவனிக்க 12 வேண்டும் என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். கிளெரிக்கிடம் 10. நிதானமாக நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

மெல்லிய பனிக்கட்டிக்கான விதி எனக்கு மிகவும் பிடித்தது. பத்தடிச் சதுரம் ஒவ்வொன்றும் தாங்கும் எடை, மூன்று டி10 (பத்துமுக டைஸ்) உருட்டிப் பத்தால் பெருக்கினால் வருவது, பவுண்டு கணக்கில். ஹாஃப்லிங் மூட்டையோடு சேர்த்தே 60 பவுண்டு, ஓடியே போய்விட்டார். அடுத்தது ட்வார்ஃப். நான் டைஸைக் கையில் எடுத்தபோதே அவர் பென்சிலை எடுத்து ஷீட்டின் பின்பக்கம் கூட்ட ஆரம்பித்தார். உடம்பு 150. செயின் மெயில் கவசம் 55. கேடயம் 6, கோடரி 4, முதுகுப்பை ஒரு 30. மொத்தம் 245. டைஸில் விழுந்தது 6, 9, 4. அதாவது 190.

உறைநீரில் விழுந்தவர் தன் கான்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குதிறன்) எண் எத்தனையோ அத்தனை நிமிடம் பாதிப்பில்லாமல் தாக்குப்பிடிக்கலாம். ட்வார்ஃபுக்கு 16. அதனால் நீர் அவரைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். அக்கரையில் ஹாஃப்லிங் குப்புறப் படுத்துக் கயிற்றை வீச, இக்கரையில் கிளெரிக்கும் படுத்துக்கொண்டு ட்வார்ஃபின் கையைப் பிடிக்க, இரண்டாவது உருட்டில் தூக்கிவிட்டார்கள். மேசையில் நான்கு பேருமே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

உண்மையான ஆபத்து அதற்கப்புறம்தான். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில், மணிக்கு ஒருமுறை கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது தாக்குப்பிடிப்பதற்கான உருட்டில், 10 எடுக்க வேண்டும். தவறினால் சோர்வு ஒரு நிலை ஏறும். குளிருடை இருந்தால் சேவ் தானாகவே வெற்றி. நனைந்த குளிருடை, காயும்வரை குளிருடை ஆகாது என்று நான் சொன்னேன். அது என் தீர்ப்பு, புத்தகத்தில் இல்லை. மூன்று சேவில் ஒன்று தவறியது, சோர்வு ஒரு நிலை. சரி, இரவு தூங்கினால் ஒரு நிலை இறங்கிவிடுமே என்றார்கள். இறங்கும், ஆனால் ஏதாவது சாப்பிட்டுக் குடித்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஹாஃப்லிங் ஆடுபவர் முகம் மாறியது. உணவு அட்டை அவரிடம். "பலசாலி தூக்கட்டும்" என்று அத்தனை உணவையும் ட்வார்ஃபின் முதுகுப்பையில் போட்டது அவர்தான். பை ஏரிக்குள் போய்விட்டது. (ரேஞ்சர், உணவு தரும் குட்பெர்ரி மந்திரம் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் எடுக்கவில்லை.) மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார்கள், உணவு தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பயணத்தில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் டேபிளில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசுவது அந்த ஏரியைப் பற்றித்தான்.

உங்கள் குழு எங்கே மாட்டியது, யார் எந்த வேலையில் இருந்தபோது மாட்டியது என்று எழுதுங்கள்.

*

நான் டிஎம் இல்லை, பிளேயர் மட்டும்தான். நாங்கள் ஆடியது தி ஒன் ரிங் என்ற இன்னொரு கதை விளையாட்டு, இரண்டாம் பதிப்பு. அதில் வேலைப் பிரிவு விதியிலேயே இருக்கிறது. வழிகாட்டி, முன்னே போய்ப் பாதை பார்ப்பவர், காவல், வேட்டை என்று நான்கு. வழிகாட்டி பயணத்துக்கான உருட்டு எடுப்பார். வழியில் ஒரு நிகழ்வு வந்தால் அது யார் தலையில் விழும் என்று ஒரு டைஸ் முடிவு செய்யும்: 1, 2 என்றால் முன்னோடி, 3, 4 என்றால் காவல், 5, 6 என்றால் வேட்டை. அந்த ஒருவர் உருட்டுவதற்குக் குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டும்.

காவல் வேலையை நான் எடுத்தேன். என் கேரக்டருக்கு அதற்கான திறமை கிட்டத்தட்ட இல்லை. மற்ற மூன்றுக்கும் பொருத்தமானவர்கள் இருந்தார்கள், மிச்சம் இருந்தது எனக்கு. இலையுதிர் காலம் முடியும் நேரம். நிகழ்வு மூன்று முறை வந்தது, மூன்று முறையும் 3 அல்லது 4. முதல் இரண்டு முறையும் தவறினேன். சோர்வு எல்லோருக்கும் ஏறியது. அந்த விளையாட்டில் சோர்வு என்பது சுமையோடு சேரும். உடலுறுதி குறைந்து சுமையின் அளவுக்கு வந்துவிட்டால் ஆள் களைத்துப்போவார். அப்புறம் ஆறுமுக டைஸில் 1, 2, 3 விழுந்தால் பூஜ்ஜியம்தான். மூன்றாவது முறை பன்னிரண்டு முக டைஸில் கண் படம் விழுந்தது. அதுதான் இருப்பதிலேயே மோசமான முகம். நானும் தவறினேன், என் கேரக்டருக்குக் காயம்.

எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. வழிகாட்டி ஆடியவர் எங்களில் மூத்தவர். அவர் கேரக்டர் பேசுகிற மாதிரியே, "நீ பார்க்காததை நாங்க யாரும் பார்க்கலையேப்பா. என் தோளைப் பிடிச்சுக்கோ, நட" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாள் பயணம் முடிந்ததும், டைஸ் யார்மேல் விழுந்திருந்தாலும், நான்கு பேரும் தங்கள் வேலையில் இருந்தபடி கண்ட ஒன்றை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வேட்டைக்காரர் ஒருமுறை, "முயல் கிடைச்சது, ஆனா அதோட கால்ல பழைய கண்ணி ஒண்ணு இருந்துச்சு" என்றார். அங்கே யாரோ வாழ்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்த இரண்டு செஷன் அந்த ஒரு கண்ணியைச் சுற்றியே போனது.

*

என் அனுபவம் வீட்டுக்குள் நடந்தது. மகளுக்கு 12, மகனுக்கு 9. நாங்கள் ஆடுவது ரியூட்டாமா. 2007இல் ஜப்பானில் அட்சுஹிரோ ஒகாடா உருவாக்கியது. பயணம்தான் அதில் முக்கியம், சண்டை அப்புறம். தலைவர், வரைபடம் வைத்திருப்பவர், பண்டங்களைப் பார்த்துக்கொள்பவர், நாட்குறிப்பு எழுதுபவர் என்று வேலைகள். காலையில் எழுந்ததும் உடல்நிலைக்கு ஓர் உருட்டு, நடைக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, இரவு தங்குவதற்கு ஒன்று. மலைக்கு 10 எடுக்க வேண்டும், கனமழை என்றால் மேலே 3.

ஒரு தடவை மலையில் கனமழை. 13 எடுக்க முடியாமல் நடை உருட்டில் இருவருக்கும் உடல்புள்ளி பாதியானது. திசையும் தவறி, பாதி தூரம்தான் போனோம். பொதுவாகக் கதையை நான்தான் இழுத்துக்கொண்டு போவேன். அன்று மகள் தன் பண்டக் கணக்கைக் கூட்டிவிட்டு, "அம்மா, தண்ணி ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. மழை பெய்யுதே, தோல்பையை வெளியில வச்சுப் பிடிக்கலாமா?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை அது. உடனே சரி என்றேன். அதை மகன் நாட்குறிப்பில், "அக்கா மழையைப் பிடித்தாள்" என்று எழுதி வைத்திருக்கிறான். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

*

முதல் பதிவில் ஏரிக்குள் விழுந்த ட்வார்ஃப் நான்தான். டிஎம் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். வரைபட அட்டை என்னிடம் இருந்தது, அந்தத் தாளும் அதே பையில்தான். ஏரியைத் தாண்டிய பிறகு மீதி வழியை நான் நினைவிலிருந்து வரைந்தேன். ரேஞ்சர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு ஃபைட்டரிடம் யாரும் அதுவரை வழி கேட்டதில்லை.

இப்போது அடுத்த பயணத்துக்குத் தயாராகிறோம். ஆறு நாள் பாலைவனம். வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கேலன் தண்ணீர் வேண்டும். ஒரு தோல்பையில் அரை கேலன் பிடிக்கும், நிரப்பினால் 5 பவுண்டு. அப்படியென்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு பை, 20 பவுண்டு. ஆறு நாளைக்கு 120. நான்கு பேருக்கு 480. ஹாஃப்லிங் இந்த முறை நான்கு பத்தி போட்டு யார் எவ்வளவு தூக்குவது என்று எழுதிக்கொண்டிருக்கிறார், எங்கே கூட்டினாலும் இடிக்கிறது. ஒட்டகம் வாங்கினால் அதற்கும் தண்ணீர் யார் பார்த்துக்கொள்வது என்று தனி அட்டை போட வேண்டும் போலிருக்கிறது. பாலைவனம் கடந்த குழு யாராவது இருந்தால், தண்ணீரை எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை கிளம்புகிறோம்.