48 வோல்ட் பேட்டரி கார்: ஒரு பேட்டரி மட்டும் இறங்குது, ஆசிட் ஊத்தலாமா?

அழகர்கோவில்ரோடு48:
காலேஜ் வளாகத்துல ஓடுற ஆறு சீட் பேட்டரி கார். 8 வோல்ட் பேட்டரி ஆறு, தண்ணி ஊத்துற வகை, மூணு வருஷம் ஆச்சு. சமதளத்துல ஓடுது, மேட்டுல திணறுது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா மொத்தம் 50.5 வோல்ட் காட்டுது. அஞ்சு பேட்டரி 8.45, ஒண்ணு மட்டும் 8.24. அதுல கொஞ்சம் ஆசிட் ஊத்தினா ஏறுமா?

கிராவிட்டி_மீட்டர்:
ஊத்தாதீங்கண்ணே. சார்ஜ் ஏறும்போது ஆவியா போறது தண்ணி மட்டும்தான், ஆசிட் எங்கயும் போகாது. கிராவிட்டி, அதாவது ஆசிட் தண்ணியோட அடர்த்தி, குறைஞ்சிருந்தா அந்த ஆசிட் உள்ள இருக்கிற ஈயப் பிளேட்ல சல்பேட்டா ஒட்டியிருக்குன்னு அர்த்தம். மேல ஊத்தினா மீட்டர் ஏறும், பிளேட் அரிச்சுப் போகும். கொட்டிப்போன பேட்டரிக்குத்தான் ஆசிட்.

மொத்த வோல்டேஜை நம்பாதீங்க, பேட்டரிக்குள்ள இருக்கிற தனித்தனி அறையில (செல்) ஒண்ணு செத்தாலும் அது மறைச்சிரும். சார்ஜரைக் கழட்டி ஆறு மணி நேரமாவது விட்டுட்டு, ஹைட்ரோமீட்டர்ல (கிராவிட்டி அளக்குற உறிஞ்சு குழாய்) செல் செல்லாப் பாருங்க. ஒரு பேட்டரிக்கு நாலு செல், ஆக 24 ரீடிங். ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு மூணு தடவை உறிஞ்சி விட்டுட்டு அப்புறம் படிங்க. தண்ணி ஊத்தின கையோட பார்த்தா குறைச்சலாத்தான் காட்டும். நம்ம வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கு: ஆசிட்டோட சூடு 27 டிகிரிக்கு மேல போற ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் ரீடிங்கோட 0.004 கூட்டணும். 38 டிகிரி சூட்டுல 1.260 காட்டினா உண்மையில 1.268.

அழகர்கோவில்ரோடு48:
காலையில பார்த்தேன். மத்த அஞ்சும் 1.265லருந்து 1.272 வரை. அந்த ஒண்ணுல 1.250, 1.255, 1.105, 1.250.

லக்_டைட்:
மூணாவது செல்லுதான் வில்லன். ஒரே பேட்டரிக்குள்ள 0.050க்கு மேல வித்தியாசம் இருந்தா சந்தேகமே வேண்டாம், இது அதுக்கு மூணு மடங்கு.

மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஈக்வலைஸ் போட்டுப் பாருங்க, அதாவது எல்லா செல்லும் சமமா ஏற வேணும்னே கொஞ்சம் கூடுதலா சார்ஜ் போடுறது. செல்லுக்கு 2.6 வோல்ட், 24 செல்லுக்கு 62 சொச்சம். மணிக்கொரு தடவை கிராவிட்டி பாருங்க, ஏறுறது நின்னா நிறுத்திருங்க. ஆசிட் 50 டிகிரி சூடு தாண்டினாலும் நிறுத்தணும். ஹைட்ரஜன் கிளம்பும், தகர ஷெட்டுன்னா கதவைத் திறந்து வைங்க, பீடி சிகரெட் பக்கத்துல வரக்கூடாது. அதுக்கப்புறமும் அந்த செல் ஏறலைன்னா போச்சு.

மூணு வருஷ செட்டுல புதுசு ஒண்ணை மட்டும் சொருகாதீங்க. பழசு முதல்ல காலியாகும், புதுசு தேவைக்கு மேல சார்ஜ் வாங்கும். அதே மாடல், அதே வயசுல டெஸ்ட் பண்ணின பழசு கிடைச்சா போடலாம், இல்லைன்னா ஆறையும் மாத்துறதுதான் லாபம்.

மேடு ஏறி இறங்கினதும் லக்குகளை (பேட்டரி முனையில வயரை மாட்டுற உலோகத் துண்டு) தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சுட்டா அது லூஸ். பச்சை பூத்திருந்தா ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில கழுவி, காய வச்சு, வாசலின் தடவுங்க. சோடாத் தண்ணி மூடி வழியா உள்ள இறங்கிரக்கூடாது. ஸ்பேனர் பிடியில இன்சுலேஷன் டேப் சுத்திக்கங்க, மோதிரத்தைக் கழட்டிருங்க.

கிராவிட்டி_மீட்டர்:
தண்ணி விஷயம்: போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு பிளேட்டைத் தின்னுரும். டிஸ்டில்டு மட்டும். சார்ஜுக்கு முன்னாடி பிளேட் மூழ்குற அளவு, முழு சார்ஜுக்கு அப்புறம், மூடியைத் திறந்தா உள்ள இறங்குற துவாரக் குழாயோட அடிக்கு 3 மில்லிமீட்டர் கீழ வரை. முன்னாடியே நிரப்பினா பொங்கி வழிஞ்சு ட்ரேயை அரிக்கும்.

அழகர்கோவில்ரோடு48:
எங்க சார்ஜர்ல ஈக்வலைஸ் பட்டனே இல்லையே?

லக்_டைட்:
ஃபுல் லைட் எரிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுங்க, இன்னொரு சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மூணாவது செல்லை மட்டும் பார்த்தாப் போதும்.