மறு: மறு: தெர்மல் பேஸ்டுக்குத் தமிழ் – 'பற்று' போட்டுப் பார்க்கலாமா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றும் எழுதவில்லை. நம் கையேட்டில் எட்டாம் பக்கம் என் பங்கு. கணினிச் சில்லுக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்கும் நடுவே தடவும் குழைவுதான் தெர்மல் பேஸ்ட். சில்லின் மேல் காய்ந்துபோன பழைய பேஸ்டைப் பத்திரமாகத் துடைப்பது எப்படி என்பதுதான் அந்தப் பக்கமே. அதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாமல் பக்கம் நகராது. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குறை. சொல்லைத் தனியாக மேசைமேல் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் வாசகர் அதைப் பட்டியலில் பார்க்கப் போவதில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திறந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, 'பழைய இன்னதை முழுவதும் துடைத்தபின் புதியதை இடவும்' என்ற வாக்கியத்துக்குள் பார்ப்பார். அந்த 'இன்னது' இருக்கும் இடத்தில் நம் சொல்லைப் போட்டால் அவர் கை என்ன செய்யும்? எனக்கு இந்த ஒரு சோதனை போதும். இதுவரை வந்த சொற்களை அதில் போட்டுப் பார்த்தேன்.

> வெப்பப் பசை என்றே பலர் எழுதுகிறார்கள். புதிதாக எதற்கு?

பசை என்றால் ஒட்டும். இது ஒட்டுவதற்கான பொருளே இல்லை. ஹீட் சிங்கைச் சில்லோடு அழுத்திப் பிடித்திருப்பது திருகும் கம்பி விசையும்தான். பேஸ்டின் வேலை வேறு. சில்லின் மேற்பரப்பும் ஹீட் சிங்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுகிப் பார்த்தால் மேடு பள்ளம். பள்ளங்களில் காற்று நிற்கிறது. வெப்பம் கடத்துவதில் காற்றின் எண் 0.026, செம்பின் எண் ஏறக்குறைய 400. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு உட்கார்வதற்குத்தான் பேஸ்ட். அதன் எண்ணும் ஒன்றும் பெரிதில்லை, பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். காற்றைவிடப் பல மடங்கு மேல், செம்போடு ஒப்பிட்டால் பரிதாபம். அதனால்தான் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் இடு, அதற்கு மேல் வேண்டாம் என்கிறோம்.

பசை என்ற சொல்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உண்மையிலேயே ஒட்டும் வெப்பப் பசை என்று தனியாக ஒரு பொருள் விற்கிறது. திருகு போட இடமில்லாத சின்ன ஹீட் சிங்குகளை நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டுவதற்கு. அதை மெயின் சில்லில் போட்டுவிட்டால் அடுத்தமுறை கழற்றும்போது எது எதோடு பிய்ந்து வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பொருளுக்குத்தான் 'வெப்பப் பசை' பொருந்தும். அதற்கே விட்டுவிடுவோம்.

> வெப்பக் களிம்பு – மருந்துக்கடைக் களிம்பு போலவே குழாயில் வருகிறது, பிதுக்கித் தடவுகிறோம்.

காதுக்கு இதுதான் இனிமை. நானும் முதலில் இதற்கே கை தூக்கினேன். ஆனால் களிம்புக்குத் தமிழில் இன்னொரு பழைய பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டோம். செம்பில் ஏறும் பச்சைக் கறை. உயிரோடு ஆணவ மலம் சேர்ந்திருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பில் களிம்புதான். இப்போது நம் வாக்கியத்தைப் படியுங்கள்: 'ஹீட் சிங்கின் செம்பு அடிப்பகுதியில் உள்ள பழைய களிம்பை நீக்கவும்.' நம் ஊரில் செம்புக் களிம்பை எதைக் கொண்டு நீக்குவார்கள்? புளி! பூஜைப் பாத்திரம் தேய்த்துப் பழகிய கை நேராகச் சமையலறைக்குப் போய்விடும். சிரிக்காதீர்கள், என் வரைவைப் படித்த உறவினர் ஒருவர் இதையேதான் கேட்டார், "புளி போடலாமா?" என்று.

> வெப்பப் பூச்சு

இது சட்டென்று விழுந்துவிட்டது. மேசைக் கணினிச் சில்லின் மேல் உள்ள உலோக மூடி பெரும்பாலும் நிக்கல் முலாம் போட்ட செம்பு. முலாமும் பூச்சுதானே? 'பூச்சு முழுவதும் போகும்வரை தேய்க்கவும்' என்று எழுதினால் நிக்கலும் சேர்ந்து போகும்.

> வெப்பச் சாந்து – செங்கல் இடுக்கை நிரப்புவது போல இடைவெளியை நிரப்புகிறது.

ஐயா, உங்கள் சொல்லைத் தள்ளத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. இடைவெளி நிரப்பும் கருத்தை இந்த வரிசையிலேயே சரியாகச் சொல்வது சாந்துதான். பொட்டுக்கு வைக்கும் சாந்தும் நினைவுக்கு வருகிறது, துளியளவு என்ற எண்ணமும் கூடவே வருகிறது. என் தயக்கம் காய்ந்த சாந்தில். காய்ந்த சாந்தைக் கண்டால் கொத்திச் சுரண்டத் தோன்றும். கத்தி முனை, ஸ்க்ரூ டிரைவர் முனை, பிளேடு எல்லாம் எட்டாம் பக்கத்தில் 'கூடாது' என்ற வரியில் இருப்பவை. மடிக்கணினியில் சில்லுக்கு மூடியே இல்லை. கண்ணாடி போன்ற சிலிக்கான் திறந்து கிடக்கும், சுற்றிலும் கடுகளவு மின்தேக்கிகள். ஒரு இழுப்பு தவறினால் அவற்றில் ஒன்று பறந்துவிடும்.

சரி, என் முன்மொழிவு: பற்று. முழுச்சொல்லாக சூட்டுப்பற்று.

தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடுகிறோமே, அந்தப் பற்று. பேச்சில் பத்து, பத்து போடுவது. சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32 என்பார்கள். அந்தப் பட்டியலில் பற்று, பூச்சு, களிம்பு, பசை நான்கும் தனித்தனியாகவே இருக்கின்றன. நம் முன்னோர் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை, நாம்தான் ஒரே 'பேஸ்ட்'டில் அடைக்கப் பார்க்கிறோம். பற்றை மெல்லிசாகப் போடுவார்கள். அது காயும். காய்ந்ததன் மேலேயே அடுத்ததைப் போடுவதில்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் புதுசு. தெர்மல் பேஸ்டும் அச்சு அசல் இதுவே. சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு போன்ற பொடியைக் குழைத்தது அது. நாளாக ஆக எண்ணெய் பிரியும், சூடேறி ஆறி ஏறி ஆறி ஓரத்துக்குப் பிதுங்கும், நடுவில் பொருக்குத் தட்டும்.

இன்னொரு பொருளும் இருக்கிறது. அதை நினைத்தபோதுதான் எனக்கு இந்தச் சொல் உறுதியானது. பத்துப்பாத்திரம்! சோறும் குழம்பும் காய்ந்து ஒட்டிய பாத்திரம். இடுவதற்கும் பற்று, காய்ந்து ஒட்டிக்கொண்டதற்கும் பற்று. பத்துப்பாத்திரத்தை யாரும் எடுத்த எடுப்பில் சுரண்டுவதில்லை. ஊறப்போடுவார்கள். எட்டாம் பக்கத்தின் சாரமே அந்த ஊறப்போடுதல்தான்.

ஊறப்போடாததன் பலனை நான் பட்டிருக்கிறேன். ஒரு மார்கழிக் காலை, ஐந்து வருடம் திறக்காத கணினி, பேஸ்ட் கல்லாகியிருந்தது. ஹீட் சிங்கின் திருகுகளைக் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. பலம் கொடுத்து இழுத்தேன். வந்தது, அடியில் சில்லையும் ஒட்டிக்கொண்டு. பூட்டிய இருக்கையிலிருந்தே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அடியில் ஊசிக்கால் உள்ள வகை அது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைச் சில்லில் அப்படி 1,331 கால்கள் இருக்கும். எத்தனை வளைந்தன என்று எண்ணவில்லை. 0.5 மில்லிமீட்டர் மைக்ரோ பென்சிலின் வெறும் முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து நிமிர்த்தியதில் அன்றைய பொழுது போனது. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்த இளஞ்சூட்டில் பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஹீட் சிங்கை இழுக்காமல் இடவலமாகச் சற்றே திருகியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இதைக் கேட்ட அம்மா, "பத்துப்பாத்திரத்தையே நனைக்காம எடுக்க மாட்டோம், நீ இதை இழுத்தியா?" என்றார். சொல் எனக்கு அங்கே கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இனி எதிர்ப்புகள்.

> 'சூடு' கலைச்சொல் ஆகாது, 'வெப்பம்' என்பதே இயற்பியல் வழக்கு.

ஐயா சொல்வது பாடநூலுக்குச் சரி. ஆனால் 'வெப்பப்பற்று' என்றால் மொழிப்பற்று, நாட்டுப்பற்று வரிசையில் போய் உட்கார்ந்து, வெப்பத்தின் மேல் காதல் என்று ஆகிவிடுகிறது. 'சூட்டுப்பற்று' என்றால் சூட்டுக்குப் போடும் பற்று என்று உடனே விளங்குகிறது. 'கடத்துபற்று' என்று வினைத்தொகையாகவும் யோசித்தேன். வினைத்தொகையில் வலி மிகாது என்பதை ஒவ்வொரு முறையும் யாருக்காவது விளக்கவேண்டி வரும், போதாக்குறைக்குக் கடத்தல் என்றாலே தங்கம் நினைவுக்கு வருகிறது.

> தீப்பற்றுதல் என்ற பொருளோடு மோதாதா?

மோதும். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. துடைக்கப் பயன்படும் ஐசோபுரோபைல் ஆல்ககாலின் ஆவி 12 டிகிரி வெப்பநிலையிலேயே தீயைப் பிடிக்கக்கூடியது என்பதை அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும். அந்த வரியில் 'தீப்பிடிக்கும்' என்று போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன்.

> அப்படியானால் திரவ உலோகமும் பற்றுதானா?

இல்லை. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் இடும், காலியம் என்ற உலோகம் கலந்த அந்தக் கலவையைப் பற்று என்று சொல்லவே கூடாது. மின்சாரம் கடத்தும், அலுமினியத்தில் பட்டால் அதை அரித்து நொறுக்கிவிடும். துடைக்கும் முறையே வேறு. அதற்குத் 'திரவ உலோகம்' என்ற பெயரே இருக்கட்டும், தனிப்பக்கமும் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் தடுக்கிய இன்னொரு இடம், இழைக்குச் சற்று வெளியே. ஆங்கிலக் குறிப்புகளில் பேஸ்டைத் துடைக்கக் காபி ஃபில்டரை எடு என்று வரும். அவர்கள் சொல்வது பஞ்சு உதிராத தாள் வடிகட்டியை. நாம் அப்படியே எழுதினால் கும்பகோணத்திலிருந்து ஒருவர் எவர்சில்வர் ஃபில்டரும் கையுமாக நிற்பார். 'மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி' என்று மாற்றிவிட்டேன்.

வரைவில் நடுப்பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"பழைய சூட்டுப்பற்றைச் சுரண்ட வேண்டாம். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்ககாலில் துணியை நனைத்துப் பற்றின் மேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிடவும். சில்லின் மேல் நேரடியாக ஊற்ற வேண்டாம். பிறகு ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் துடைக்கவும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் பற்று மின்தேக்கிகளுக்குள் போய் அடையும். துணியில் கறை வராதவரை துணியின் புதுப்புதுப் பகுதியால் திரும்பச் செய்யவும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் படலமாகத் தங்கும். நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம், அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். சன்னலைத் திறந்து வைக்கவும், அருகில் அடுப்போ விளக்கோ கூடாது, ஆவி தீப்பிடிக்கும். நன்றாக உலர்ந்தபின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பற்று இடவும். துடைத்த பரப்பை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்."

'பட்டாணி' மடிக்கணினிச் சில்லுக்கு அதிகம் என்று தோன்றுகிறது. மிளகு என்று போடலாமா?

சென்னை ரிச்சி தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் தம்பி இந்தக் குழுவில் இருக்கிறார். தம்பி, உங்கள் கடைப் பையன்களிடம் இந்தப் பத்தியை அச்செடுத்துக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒரு பழைய போர்டில் செய்யச் சொல்லுங்கள். எந்த வரியில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். ஞாயிறுக்குள் வந்தால் பக்கத்தை முடித்துவிடுவேன்.