அமெரிக்க நாய் ட்ராக்கரை இங்கே பயன்படுத்தலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், கேட் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், சோலை நகர் கடற்கரைக்கு ஓடிவிடும். மச்சான் நியூஜெர்சியிலிருந்து ஒரு ட்ராக்கர் பட்டை கொண்டுவந்தார். சிம் கிடையாது, கையில் வைத்துப் பார்க்க ஒரு கருவி தனியாக இருக்கிறது. கையேட்டில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) எச்சரிக்கை ஒரு பக்கம்: பிற கருவிகளுக்கு இடையூறு செய்யக் கூடாது, வருகிற இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், உடம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். கழுத்தில் கட்டுகிற பொருளுக்கு இப்படி எழுதினால் என்ன அர்த்தம்? மனைவி மாசமாக இருக்கிறாள், நாய் அவள் காலடியில்தான் படுக்கும். அப்புறம், பட்டையை சார்ஜில் போட்டால் அம்மாவின் ரேடியோ கரகரக்கிறது.

லாஸ்பேட்டை ஹாம்:
ஜிபிஎஸ் பகுதி செயற்கைக்கோளைக் கேட்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. இடத்தை உங்கள் கைக்கருவிக்கு அனுப்புகிற ரேடியோதான் விஷயம். அது எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்று பின்பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
151–154 மெகாஹெர்ட்ஸ், 2 வாட்.

லாஸ்பேட்டை ஹாம்:
அப்படியானால் அது எம்யூஆர்எஸ். அமெரிக்காவில் 151.82 முதல் 154.60 வரை ஐந்து சேனல், 2 வாட் வரை யாரும் உரிமம் இல்லாமல் பேசலாம். அந்தச் சலுகை அந்த நாட்டுக்குத்தான். இங்கே இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாத வரிசைகள் முக்கியமாக 865 மெகாஹெர்ட்ஸ் பக்கமும், புளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸும். அங்கிருந்து வரும் 915 மெகாஹெர்ட்ஸ் ட்ராக்கரும் ஆகாது, ஏனென்றால் இங்கே 890–915 செல்போன் டவருக்குப் பேசுகிற இடம். உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருக்கவே கூடாது என்பது 1933 வயர்லெஸ் தந்திச் சட்டத்திலிருந்து இருக்கிற விதி, வெறும் நாய்ப்பட்டைதானே என்று யாரும் விடமாட்டார்கள்.

உடம்புக் கேள்விக்கு வருவோம். எஃப்சிசி பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 30 நிமிடச் சராசரி. பட்டை சில நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும், அதனால் சராசரி மிகவும் குறைவு. 20 செ.மீ. என்பது கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் தூரம், அதற்குள் வந்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை. இந்த வரம்பெல்லாம் மனிதருக்காக எழுதியது, நாயை வைத்து அல்ல. வீட்டுக்குள் நாய் இருக்கும்போது பட்டையைக் கழற்றிவிடுங்கள், உங்கள் மனைவிக்கும் கவலை இல்லை.

ரேடியோ கரகரப்பு பட்டையால் இல்லை, சார்ஜரால். மலிவான சார்ஜரின் ஸ்விட்சிங் சத்தம் மீடியம் வேவில் நன்றாக ஏறும். வேறு சார்ஜர் மாற்றி, வேறு அறையில் செருகிப் பாருங்கள்.

கடலூர் ஓடி போட் ரேடியோ:
தம்பி, அதைக் கடற்கரைப் பக்கம் இயக்காதே. நம்ம போட்டில் இருக்கிற விஎச்எஃப் ரேடியோ 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், ஆபத்துக்குக் கூப்பிடுகிற 16ஆம் சேனல் 156.8. உன் பட்டை 154.60 வரைக்கும் வருகிறது. சேனல் வேறு என்பது சரிதான், ஆனாலும் பக்கத்தில் 2 வாட் அடித்தால் பழைய செட் ஒழுங்காகக் கேட்காது. புயல் எச்சரிக்கை வருகிற நாளில் துறைமுகத்தில் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

வில்லியனூர் நாய்ப்பிரியை:
கதிர்வீச்சை விடுங்கள் அண்ணா, இந்த உப்புக்காற்றில் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கி முடி கொட்டிப் புண்ணாகிறது, அதுதான் என் நாய்க்கு நடந்தது. இரண்டு விரல் நுழைகிற தளர்வு வையுங்கள், ராத்திரி கழற்றித் துடையுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
சரி, மச்சான் ஊருக்குப் போகும்போது பட்டையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இங்கேயே சிம் போடுகிற மாதிரி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

லாஸ்பேட்டை ஹாம்:
மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி கொடுக்கும் ஈடிஏ (கருவி வகை) ஒப்புதல் அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிம் ட்ராக்கர், டவர் தூரமானால் அனுப்பும் சக்தியைக் கூட்டும், அதனால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். மற்றபடி செல்போன் மாதிரிதான். இங்கே போனுக்கு 2012 முதல் ஒரு கிராம் திசுவுக்கு 1.6 வாட்/கிலோ என்பது வரம்பு, ட்ராக்கர் பெட்டியிலும் எஸ்ஏஆர் (உடம்பு உறிஞ்சும் ரேடியோ சக்தி) அளவு போட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.