பந்துக்காப்பாளராகவே தொழில் செய்ய விரும்பும் மகன்: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

கல்லடியிலிருந்து ஒரு தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகன் இவ்வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறான். பாடசாலை உதைபந்தாட்ட அணிக்கும் ஊர்க் கழகத்தின் இளையோர் அணிக்கும் சில வருடங்களாகக் கோல் காக்கும் பந்துக்காப்பாளனாக விளையாடி வருகிறான். அண்மையில் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நடந்த போட்டியொன்றைப் பார்த்த கொழும்புக் கழகம் ஒன்றின் பயிற்றுவிப்பாளர், அவனைத் தங்கள் அணிக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறார். தங்குமிடமும் சாப்பாடும் தருவார்களாம்; சம்பளம் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. அந்த அணியில் ஏற்கெனவே இரண்டு காப்பாளர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். முடிவை என்னிடமே விட்டிருக்கிறார். என் தம்பியோ, மருமகன் உயர்தரத்தை முடிக்காமல் எங்கும் போகக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். மகன் சாப்பிடும்போதும் அதே பேச்சாக இருக்கிறான். தொழில்முறைக் காப்பாளர் ஒருவரின் வாழ்க்கை உண்மையில் எப்படி அமைகிறது, அதை நம்பி ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா, இந்த வயதில் அவன் கவனிக்க வேண்டியது என்ன என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

கல்முனையிலிருந்து ஒரு முன்னாள் காப்பாளர்:

சகோதரி, வணக்கம். நான் சந்தாங்கேணி மைதானத்தில் விளையாடி வளர்ந்து, பின்னர் பாதுகாப்புப் படைக் கழகம் ஒன்றில் பல பருவங்கள் காப்பாளராக இருந்தவன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி, ஏற்கெனவே இரண்டு காப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். ஏனைய இடங்களில் விளையாடும் ஓர் இளைஞனுக்கு மாற்று வீரராகவாவது ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்கள் கிடைக்கும். காப்பாளருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. முதலாமவர் காயமடைந்தாலோ சிவப்பு அட்டை பெற்றாலோ தவிர, இரண்டாமவர் பருவம் முழுவதும் வாங்கில் இருந்தபடியே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் பல நாட்களில் உடை மாற்றும் அறைக்கே வரமாட்டார்.

உலகின் மிகப் பெரிய கழகங்களிலும் இதுவே நிலை. 2022 உலகக் கிண்ணத்தில் சிறந்த காப்பாளருக்கான தங்கக் கையுறையைப் பெற்ற ஆர்ஜன்டீனாவின் எமிலியானோ மார்ட்டினெஸ், பதின்ம வயதில் ஆர்செனல் கழகத்துக்கு வந்தவர். அங்கிருந்து ஒக்ஸ்போர்ட், ரொதர்ஹாம், ரீடிங் என்று கழகம் கழகமாக இரவலாக அனுப்பப்பட்டார். 2020இல் முதல்நிலைக் காப்பாளர் பேர்ன்ட் லெனோ காயமடைந்த பின்னரே ஆர்செனலில் தொடர்ந்து விளையாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 27. இத்தாலியின் ஜியான்லூய்ஜி பஃபன் 1995இல் 17 வயதிலேயே பார்மா அணிக்காக ஏசி மிலானை எதிர்த்துக் களமிறங்கினார் என்பது உண்மைதான். ஆனால் அவரைப் போன்றவர் ஒரு தலைமுறைக்கு ஒருவரோ இருவரோதான். உங்கள் மகனின் கணக்கை மார்ட்டினெஸை வைத்துப் போடுங்கள், பஃபனை வைத்துப் போடாதீர்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஈடாக ஒன்று உண்டு. முன்கள வீரர்களில் பெரும்பாலோர் முப்பதுகளின் தொடக்கத்திலேயே வேகம் குறைந்து விலகும்போது, காப்பாளரின் நல்ல காலம் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். டினோ ஸொஃப் 1982இல் 40 வயதில் இத்தாலியின் தலைவராக உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதில் களமிறங்கி, சவூதி அரேபியாவின் பெனால்டி ஒன்றைத் தடுத்தார். பஃபன் 2023இல் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். ஆகவே பதினாறு வயதில் ஒரு வாய்ப்பு கைநழுவினால் எல்லாம் போயிற்று என்று உங்கள் மகன் எண்ணத் தேவையில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021இல் சூப்பர் லீக் தொடங்கியபோது இங்கும் முழுநேரத் தொழில்முறை உதைபந்தாட்டம் வேரூன்றும் என்று பெரிதும் நம்பினோம். ஆனால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில்தான் அத்தடை நீங்கியது. அத்தகைய காலங்களில் கழகப் பணத்தை மட்டும் நம்பியிருப்பவரின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படைக் கழகங்களிலும் பொலிஸ் கழகத்திலும் விளையாடுவோருக்கு அங்கேயே நிரந்தர வேலை இருப்பதால், ஆட்டம் இல்லாத மாதத்திலும் சம்பளம் வரும். வெளிநாடு மற்றொரு வழி. நம் தேசிய அணியின் தலைவராக இருந்த காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களில் பல பருவங்கள் விளையாடியவர். ஆனால் வெளிநாட்டுக் கழகம் ஒரு காப்பாளரைத் தேடி வருவதற்கு முன், அவர் தம் நாட்டில் வாரந்தோறும் விளையாடி, தேசிய அணியிலும் பேர் எடுத்திருக்க வேண்டும்.

ஏறாவூரிலிருந்து ஓர் இளையோர் பயிற்றுவிப்பாளர்:

அக்கா, மேலே சகோதரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பயிற்சி பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நம் பகுதிப் பிள்ளைகள் மணலில் விளையாடி வளர்பவர்கள். மணலில் பாய்ந்து விழுவதற்கு அச்சமில்லை என்பதால் துணிவு தானாகவே வந்துவிடுகிறது. விழும் முறைதான் வருவதில்லை. முழங்கையை ஊன்றியோ வயிறு தரையில் மோதும்படியோ விழுந்து பழகியவன், கொழும்பின் இறுகிய தரையிலும் செயற்கைப் புல்தரையிலும் ஒரு மாதம் பயிற்சி செய்தால் தோளிலும் இடுப்பிலும் காயப்படுவான். பக்கவாட்டாகச் சரிந்து, கணுக்கால், தொடை, விலா, தோள் என்ற வரிசையில் தரையைத் தொட அவனுக்கு யாரேனும் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கால். பின்களத் தோழர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றிலிருந்து இரு கால்களாலும் பந்தைக் கொடுத்து வாங்கத் தெரியாத காப்பாளரை நல்ல கழகங்கள் எடுப்பதே இல்லை. 2025 ஜூலை முதல் பந்தை எட்டு விநாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் உதை கொடுக்கப்படுகிறது; ஆகவே விரைந்து முடிவெடுக்கவும் பழக வேண்டும். அவனை நடுக்களத்திலும் சில ஆட்டங்கள் விளையாட விடச் சொல்லுங்கள். பஃபனே சிறுவயதில் நடுக்கள வீரராக இருந்தவர்தான்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பக்கவாட்டிலிருந்து உயர்ந்து வரும் பந்து, கைக்கு எட்டும் நேரத்தில் ஒரு முழம் விலகிப் போகும். பல பயிற்றுவிப்பாளர்கள் அந்த நாட்களில் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த நாட்களில்தான் காப்பாளர்களை அழைக்கிறேன்.

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்கள் செலவு. உள்ளங்கையில் உள்ள லேட்டெக்ஸ் சற்று ஈரமாக இருந்தால்தான் பந்தைப் பிடிக்கும். மணலில் உராய்ந்தால் சில வாரங்களில் தூள் தூளாக உதிர்ந்துவிடும். பயிற்சிக்கு மலிவான ஒரு சோடியும் போட்டிக்கு வேறொரு சோடியும் வைத்திருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தலை. செல்சியின் பீட்டர் செக் 2006 ஒக்டோபரில் ரீடிங் அணியுடனான ஆட்டத்தில் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டை ஓடு உடைந்து, மூன்று மாதங்களின் பின் தலைக்கவசத்துடன் திரும்பி வந்து, ஓய்வு பெறும் வரை அதை அணிந்தே விளையாடினார். நம் மைதானங்களில் தலையில் அடிபட்ட பையனின் முகத்தில் தண்ணீர் தெளித்து மீண்டும் கம்பங்களுக்கிடையே நிறுத்துகிறார்கள். தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது என்று மகனிடமும் அவனுடைய பயிற்றுவிப்பாளரிடமும் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு தாய்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். மகன் ஐந்தடி எட்டு அங்குலம்தான். இந்த உயரம் போதுமா? அடுத்து, படைக் கழகத்தில் சேர்வதற்கு எங்கள் வீட்டில் எவருக்கும் மனம் ஒப்பாது. அதற்கான காரணத்தை இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த வழி இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. அதை மாற்றும்படி எவரும் உங்களைக் கேட்கக்கூடாது. படிப்பின் வழியாகச் செல்லும் பாதையைச் சொல்கிறேன். உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்சத் தகைமையைப் பெற்று, தேசிய மட்டத்திலும் விளையாட்டில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கு விசேட அனுமதி ஏற்பாடு உண்டு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியையும் விளையாட்டு விஞ்ஞானத்தையும் பட்டப்படிப்பாகவே கற்கலாம். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு காப்பாளர் பயிற்றுவிப்பாளர்களுக்கென்றே தனியான சான்றிதழ் நெறிகளை வைத்திருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் காப்பாளர்களுக்கு மட்டும் பயிற்சி தரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால், அந்தச் சான்றிதழ் உள்ள இளைஞனுக்கு விளையாடும் காலத்திலேயே வேலை இருக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, அவன் இன்னும் வளரும் வயதில் இருக்கிறான். கோல் கம்பங்களின் உயரம் 2.44 மீட்டர், இடைவெளி 7.32 மீட்டர் என்பதால் உயரமானவருக்குச் சாதகம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பெரிய கழகங்கள் பலவும் ஆறடிக்கு மேற்பட்டவர்களையே தேடுகின்றன. ஆயினும் மெக்சிக்கோவின் ஜோர்ஜ் காம்பொஸ் ஏறத்தாழ 1.68 மீட்டர் உயரத்துடன் 1994, 1998 உலகக் கிண்ணங்களில் தம் நாட்டின் கோலைக் காத்தார். உயரம் குறைந்தவர் முன்னால் வந்து கோணத்தை அடைத்து நிற்கவும், மற்றவர்களைவிட அரை விநாடி முன்னதாகக் காலெடுக்கவும் பழக வேண்டும்.

பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். ஹைதராபாத்தில் பிறந்த அவர் முன்கள வீரராகத் தொடங்கிக் காப்பாளராக மாறி, 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். தமிழ்ப் பெயருடைய ஒருவர் ஆசியாவின் முன்னணிக் காப்பாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார் என்பதை நம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

கல்முனையிலிருந்து ஒரு முன்னாள் காப்பாளர்:

ஆசிரியர் சொன்ன வழியே உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று எனக்கும் படுகிறது. கொழும்புக் கழகத்தை இப்போதே மறுக்க வேண்டாம். மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: இளையோர் அணியில் அவனே முதல்நிலைக் காப்பாளனாக விளையாடுவானா, காயமடைந்தால் சிகிச்சைச் செலவை ஏற்பவர் யார், கொழும்பில் உயர்தர வகுப்பில் சேர்க்க ஏற்பாடு உண்டா. முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் இங்கேயே உயர்தரம் படித்துக்கொண்டு, மாவட்ட லீக்கில் வாரந்தோறும் மூத்தவர்களின் உதைகளை எதிர்கொள்ளட்டும். அவன் விரும்பினால், சனிக்கிழமைகளில் காலை ஆறரைக்குச் சந்தாங்கேணிக்கு வரச் சொல்லுங்கள். அங்கு நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவனுடைய மாமாவும் கூட வரட்டும்.