மலையில் ஹாஸ்டல் தேடுகிறவர்களுக்கு: தங்கிப் படித்தவர்கள் சொல்வது

பந்தலூர்க்காரி:

அக்கா மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் கேட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் போலிருக்கிறது. "சித்தி, எந்த ஹாஸ்டல்ல சேரட்டும்?" என்று போன வாரம் போனில் கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. நான் ஊட்டியில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தவள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தங்கிப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதலில் நான் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்து தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். அப்பா, அம்மாவும் அதே தோட்டம்தான். எங்கள் லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். 2009இல் சேர்ந்தேன். மே மாதக் கடைசியில் அப்பாவும் நானும் விடிகாலை பஸ் பிடித்துக் கூடலூர் வந்து, நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தோம். சீசன் நேரம். நல்ல வெயில், பார்க்கிற இடமெல்லாம் பூ. கல்லூரிக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு தனியார் மகளிர் விடுதி இருந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் காட்டினார்கள். மாடி அறையைவிட வாடகை குறைவு. அப்பா கட்டிலை ஆட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டோம்.

நாங்கள் பார்க்காமல் விட்டது பின்சுவரை. மலையை வெட்டி, அந்த வெட்டை ஒட்டிக் கட்டிய கட்டிடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். ஜூலையில் மழை பிடித்ததும் சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. அலமாரியில் இருந்த ரெக்கார்டு நோட்டை ஒரு நாள் எடுத்தேன். அட்டை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, முதுகு ஓரத்தில் பச்சையாகப் பூசணம். பிரித்தால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு, நான் இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட படம் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது, ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு போவோம். முதல் செமஸ்டர் முழுக்க இருமல்.

அந்த நவம்பரில்தான் பெரிய மழை. நீலகிரியில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்து போனார்கள். எங்கள் விடுதியில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்பக்க மண் இளகி, குளியலறைச் சாக்கடை வழியாகச் சேறு உள்ளே வந்தது. கீழ்த்தளப் பெண்கள் எல்லோரையும் வார்டன் அக்கா மாடிக் கூடத்துக்கு ஏற்றினார். மூன்று ராத்திரி அங்கேதான் படுத்தோம். மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டுக் கிடந்தது. மூன்றாம் நாள் அப்பா கூடலூர் வழியாக வந்து, வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நேரே பின்பக்கம் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அதனால் நான் சொல்வது இதுதான். அட்மிஷன் நடப்பது மே, ஜூனில். மலை அப்போது அழகாக இருக்கும். பிள்ளை அங்கே வாழப் போவதோ ஜூலை மழையிலும் ஜனவரிப் பனியிலும். வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் மழை பெய்கிற ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள்.


மெஸ் அண்ணன், குன்னூர்:

தங்கச்சி சொன்ன பின்சுவர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் படித்தவன் இல்லை, சமைத்தவன். ஊட்டியிலும் குன்னூரிலுமாக 26 வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்திருக்கிறேன். பெற்றோர் வந்து பெட்டைப் பார்ப்பார்கள், பாத்ரூமைப் பார்ப்பார்கள். சமையற்கட்டை எட்டிப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கீழ்நாட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துச் சாதம் வெந்துவிட்டது என்று நினைப்போம், நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். துவரம்பருப்பு இன்னும் மோசம். திறந்த அண்டாவில் எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு தனி, தண்ணீர் தனி. நான் முதன்முதலில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்தபோது முதல் வாரம் பிள்ளைகள் சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. அப்புறம் ஒரு பெரியவர்தான் குக்கரில் வை என்று சொல்லிக்கொடுத்தார். அதனால் ஹாஸ்டலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஸ்டீம் குக்கரோ பெரிய பிரஷர் குக்கரோ இருக்கிறதா என்பதுதான். அரைவேக்காட்டுச் சோறு மூன்று வருஷம் சாப்பிட்டால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

இரண்டாவது, குடிக்க வெந்நீர் எப்போதும் வைத்திருக்கிறார்களா. குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள். வெந்நீர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால்தான் குடிப்பார்கள். மெஸ் வாசலில் வெந்நீர் டிரம் இல்லாத ஹாஸ்டலில் என் பேத்தியைச் சேர்க்க மாட்டேன்.


பண்ணைக்காட்டான்:

நான் கொடைக்கானலில் படித்தேன். வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மலைச் சாலையில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று இல்லாவிட்டாலும், மூடுபனி இறங்கினால் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

ஹாஸ்டல் கட்டணம் அதிகம் என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வெளியே அறை எடுத்தோம். இதைச் சொல்லத்தான் வந்தேன். டிசம்பர் குளிர் தாங்காமல் ஒரு ராத்திரி இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டுக் கொளுத்தி, அறைக்கு நடுவில் வைத்துக் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படுத்தோம். கதகதப்பாக இருந்தது. நடுராத்திரியில் எனக்குத் தலை பிளந்தது. எழுந்தால் கால் நிற்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவனை உலுக்கினேன், முனகினானே தவிர எழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். ஒவ்வொருவனாக இழுத்து வராந்தாவில் போட்டோம். கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

தம்பி, தங்கைகளே, வெளியே அறை எடுப்பது தப்பில்லை. கரிச்சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு நல்ல கம்பளியும் காலுக்கு உல்லன் சாக்ஸும் போதும். தரை வெறும் சிமெண்டாக இருந்தால் கட்டிலுக்குக் கீழே ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போடுங்கள், காலையில் காலை வைக்கும்போது வித்தியாசம் தெரியும்.


பெரியகுளத்து அம்மா:

என் மகள் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தாள். 1984இல் பெண்களுக்கென்றே அரசு தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதால் வீட்டில் பெரியவர்கள் சம்மதித்தார்கள். வளாகத்துக்குள்ளேயே தங்கியதால் எனக்கும் நிம்மதி.

என் தங்கை மகளுக்கு வேறு ஊரில் தனியார் விடுதி பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கென்று 2014இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கலெக்டரிடம் உரிமம் வாங்கித்தான் விடுதி நடத்த வேண்டும். "உரிமத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்டேன். ஓர் இடத்தில் உடனே எடுத்துக் காட்டினார்கள், இன்னோர் இடத்தில் "அதெல்லாம் இருக்கும்மா" என்று பேச்சை மாற்றினார்கள். பேச்சை மாற்றிய இடத்தில் நாங்கள் சேர்க்கவில்லை.

இன்னொன்று. சொந்தக் காரில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். அவசரமாகக் கிளம்பும்போது இது நினைவுக்கு வராது. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை.


கோத்தகிரி ஹட்டிப் பையன்:

நான் இப்போது ஊட்டியில் மூன்றாம் ஆண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் இருக்கிறேன். தங்குவதும் சாப்பாடும் இலவசம். எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படுகர் ஊரில், பாதிப் பேருக்கு இப்படி ஒரு விடுதி இருப்பதே தெரியாது. "அது நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, அவ்வளவுதான். பெண்களுக்கு அந்தத் தூரக் கணக்கும் கிடையாது. விண்ணப்பிக்கும்போதே சாதி, வருமானச் சான்று வேண்டும் என்று அலைய வேண்டாம், சேரும்போது கொடுத்தால் போதும் என்று வார்டன் சொன்னார். விண்ணப்பமும் அவரிடமே வாங்கிக்கொண்டேன்.

ஹாஸ்டல் பார்க்கப் போகிறவர்கள் பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாஸ்டல் வாசல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள், அதுவும் சாயங்காலம் ஆறரைக்கு. முதல் வருஷம் நான் ஒரு தனியார் விடுதியில் இருந்த அண்ணனோடு ஒரு வாரம் தங்கினேன். தேயிலைக்கு நடுவில் குறுக்குப்பாதை, தெருவிளக்கு ஒன்றுதான். ஒரு நாள் மூடுபனியில் பத்தடி முன்னால் ஏதோ கறுப்பாக நின்றது, பாறை என்று நினைத்தேன். அது மூச்சு விட்டது. காட்டெருமை. ஹட்டியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் ஓடக் கூடாது என்று தெரியும், அப்படியே பின்னால் பின்னால் அடியெடுத்து வைத்துச் சாலைக்கு வந்தேன். கீழேயிருந்து புதிதாக வருகிற பையன் என்ன செய்திருப்பான்? செல்போனை எடுத்துப் படம் பிடித்திருப்பான். கோத்தகிரிப் பக்கம் கரடியும் சாதாரணம். விளக்கில்லாத பாதையில் இருக்கிற ஹாஸ்டல் எவ்வளவு வாடகை குறைவென்றாலும் வேண்டாம்.


சேரப்போகும் மாணவி:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒரே பயம் ராகிங்தான். யாரிடம் கேட்பது?


பந்தலூர்க்காரி:

பயப்படாதே அம்மா. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. சேரும்போது நீயும் அப்பாவும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணை இப்போதே போனில் சேமித்து வை. அதோடு, ஹாஸ்டல் பார்க்கப் போகும்போது வார்டனிடம் மட்டும் பேசிவிட்டு வராதே. இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, "அக்கா, உங்கள் தங்கச்சியை இங்கே சேர்ப்பீர்களா?" என்று கேள். அவள் முகத்தைப் பார்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். போன சனிக்கிழமை நல்ல தூறல். நான், அக்கா, அக்கா மகள் மூன்று பேரும் குடையோடு கிளம்பினோம். முதலில் கல்லூரி. 1955இல் தொடங்கிய கல்லூரி, ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் வீடு அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள், இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

அன்றைக்கு மூன்று விடுதி பார்த்தோம். முதலாவது பள்ளத்தில் இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் பார்த்திருப்பீர்கள். அதை அவளே சொன்னாள், பாடத்தில் படித்ததாம். இரண்டாவதில் கீழ்த்தளம் மட்டும்தான் காலி. நான் பேசாமல் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினேன். மூன்றாவது கொஞ்சம் மேட்டில். பின்னால் ஆள் நடக்கிற அளவு இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். மாடி வராந்தாவில் தகரக் கூரைக்குக் கீழே கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. தொங்கிய துப்பட்டா ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், மழை நாளிலும் ஈரம் இல்லை. சமையற்கட்டில் ஸ்டீம் குக்கர் இருந்தது, மெஸ் அண்ணனுக்கு நன்றி. உரிமத்தைக் கேட்டோம், காட்டினார்கள். அங்கே இருந்த ஒரு மூன்றாம் வருஷப் பெண்ணிடம் அவள் தனியாகப் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள்.

வாடகை நாங்கள் நினைத்ததைவிட 600 ரூபாய் அதிகம். அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். "அதில் கட்டிக்கொள்கிறேன் சித்தி" என்றாள். கிழக்குப் பார்த்த மாடி அறை, காலை வெயில் நேராகக் கட்டிலில் விழுமாம். திங்கட்கிழமை பணம் கட்டப் போகிறோம். கம்பளியைக் கூடலூரிலேயே வாங்கிவிட்டோம். ரெக்கார்டு நோட்டு வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.